ஓட்டக்காரன் கல்லைத் தாண்டினவ

நான் ஓட்டற கம்பெனி பஸ்ஸுல சீட்டு காலியா இருந்தாலும் நின்னுக்கினு வர ஒரே ஆளு என் பொண்டாட்டி சுபஸ்ரீ. சுங்குவார்சத்திரத்துக்கு அந்தாண்ட ஒரு கம்பெனியில ஷிப்டு பூரா லைன்ல நின்னு வேலை செய்யறவ. மத்த பொண்ணுங்க பஸ்ஸு ஏறினதும் ஜன்னல்ல தலையைச் சாய்ச்சித் தூங்கிடும். இவ மட்டும் என் சீட்டுக்குப் பின்னாடி கம்பியைப் புடிச்சிக்கினு, குதிகாலைத் தூக்கித் தூக்கி வெச்சிக்கினு வருவா. ஒக்காந்து தொலையேன்டின்னு கண்ணாடியில பார்த்துச் சொல்லுவேன். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டுய்யான்னுவா. பஸ்ஸே சிரிக்கும்.

கல்யாணம் ஆன புதுசுல எனக்கு இது புரியல. சோறு கூட நின்னுக்கினே துன்னுவா. நாடகம் பார்க்கச்சொல்ல கையில துணி மடிக்கணும், இல்லன்னா பூண்டு உரிக்கணும். சும்மா ஒக்காந்தா காலு எரியுதாம். ஸ்கூல்ல பெரிய ஓட்டக்காரி, மாவட்டப் போட்டியில கப்பு வாங்கினவ. அந்தக் கப்புலதான் இப்போ எங்க வூட்ல கரண்டி எல்லாம் சொருகி வெச்சிருக்கோம். அவங்க பி.டி. வாத்தியாரு ஒரே ஒரு பாடத்தை அவ மண்டையில ஏத்தி அனுப்பியிருந்தாரு. கோட்டைப் பார்த்து ஓடாத. கோட்டுக்கு அந்தாண்ட எவனோ நிக்கறான்னு நெனச்சி அவனைப் புடிக்கற மாதிரி ஓடு. கோட்டுல நிக்கணும்னு நெனச்சாலே காலு முன்கூட்டியே சுணங்கிடும். இந்தப் பாடம்தான் கடைசியில அவளைக் கவுத்துச்சி. அதைச் சொல்லத்தான் ஆரம்பிச்சேன்.

அவளுக்கு ஒரே தம்பி, பிரவீன். ஒரகடத்துல காண்ட்ராக்டு வேலை. போன பங்குனியில ஷிப்டு முடிச்சிட்டு பைக்ல வந்தவன், லைட்டு இல்லாம ரோட்டோரம் நிறுத்தியிருந்த ட்ரெய்லருக்குப் பின்னாடி பூந்துட்டான். கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்துக்கினு இருந்தாங்க. இதுக்கு மேல அதைப் பத்தி என்னால சொல்ல முடியாது.

சாவு வூட்ல இவ அழல. வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தா, சேர் எடுத்துப் போட்டா, மாலை வாங்க ஆளு அனுப்பினா. காரியம் முடிஞ்ச மறுநாளே வேலைக்குக் கெளம்பிட்டா. அன்னிலேர்ந்து தம்பி பேரு அவ வாயில வரல. "அவன்"பா, இல்லன்னா "எங்க வூட்டுப் பையன்"பா. பேரைச் சொல்ல வேண்டிய எடம் வந்தா தண்ணி குடிக்கற மாதிரி எழுந்து போயிடுவா. ஒரு நாளு நான் அவன் பேரைச் சொல்லிட்டேன், பழக்கத்துல. கையில இருந்த தட்டை அப்பிடியே வெச்சிட்டு மாடிக்குப் போயி காஞ்ச துணியைத் திரும்ப நனைச்சிக்கினு இருந்தா. எனக்குப் பயமா ஆயிடுச்சி.

இப்போ அவங்க ஊரு வழக்கத்தைச் சொல்லிடறேன், இல்லன்னா மத்தது வெளங்காது. மண்ணூரைத் தாண்டி உள்ள போனா ஏரியை ஒட்டின சின்ன ஊரு, சுத்தியும் இப்போ கம்பெனி காம்பவுண்டு. முன்ன ஒரு மழைக்காலத்துல ஏரிக்கரை ஒடையப் போவுதுன்னு மதகுலேர்ந்து ஓடி வந்து ஊரை எழுப்பின ஒருத்தன், சொல்லி முடிச்சதும் அங்கியே வுழுந்து செத்துட்டானாம். அவன் வுழுந்த எடத்துல ஒரு கல்லு நட்டிருக்காங்க, ஓட்டக்காரன் கல்லுன்னு. ஆடி மாசம் அம்மனுக்குக் கூழு ஊத்தற ஞாயித்துக்கிழமை, விரதம் இருந்தவங்க மதகுலேர்ந்து அந்தக் கல்லு வரைக்கும் ஓடுவாங்க. மொதல்ல கல்லுல கை வெக்கறவன் தன் வூட்ல செத்துப்போன ஒருத்தர் பேரைச் சத்தமா சொல்லணும். சொல்லிட்டு, பூசாரி கையிலேர்ந்து தீயை வாங்கி அங்க இருக்கற அடுப்பைப் பத்த வெக்கணும். அந்த அடுப்புல காய்ச்சற கூழுதான் அம்மனுக்கு. மொதல் கரண்டி அந்தப் பேருக்காரருக்கு. வருஷத்துக்கு ஒரு பேருதான்.

ஒரு கண்டிஷன் இருக்குது. கல்லைத் தாண்டக்கூடாது. அந்த ஓட்டக்காரனே அதோட நின்னுட்டான், அவன் போவாத எடத்துக்கு நீ இன்னாத்துக்குப் போறன்னு கேப்பாங்க. அதனால கடைசியில காலைத் தேச்சி நின்னு, குனிஞ்சி கை வெக்கணும். பிரவீன் அதுல கில்லாடி. புழுதி பறக்க சறுக்கிக்கினு வந்து கல்லுகிட்ட மண்டி போடுவான். அவன் ரெண்டு தபா தீ வெச்சதை நானே பார்த்திருக்கேன்.

ஆனி மாசம் எங்க கம்பெனியில விளையாட்டு விழா. பொம்பளைங்க ஓட்டத்துல சுபஸ்ரீதான் ஜெயிச்சா, அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. ரிப்பனை அறுத்துக்கினு போன வேகத்துல நேரா ஷாமியானாவுக்குள்ள பூந்து, எச்.ஆர். சுவாதி மேடம் கையில இருந்த ஜூஸைக் கவுத்துட்டா. மேடம் புடவையைத் தொடச்சிக்கினே கை தட்டுச்சி, நல்ல பொண்ணு.

பிரியாணி தர்றதுக்கு முன்னாடி ஒரு பேச்சு வெச்சாங்க. தாவீதுன்னு ஒரு காலேஜ் விளையாட்டு வாத்தியாரு, என் வயசுதான் இருக்கும். அவ்ளோ பேரும் அண்டாவையே பார்த்துக்கினு இருக்கச்சொல்ல அந்த மனுஷன் கிரேக்கக்காரங்களைப் பத்திப் பேசினாரு, பாவம். ஒலிம்பிக்னா இன்னிக்கி டிவியில பார்க்கற மெடல் கணக்குன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க, அது ஆரம்பத்துல சாமி காரியம்னாரு. ஜீயஸ்னு அவங்க பெரிய சாமி, அந்தச் சாமி கோயில் திருவிழாவுல ஒரு பகுதிதான் ஓட்டம். ஓடறவன் மொதல்ல பலி குடுத்த கறி மேல சத்தியம் பண்ணணும், ஏமாத்த மாட்டேன்னு. நூறு மாடு வெட்டுவாங்களாம். ஜெயிச்சவனுக்கு சாமி மரத்து ஆலிவ் எலையில ஒரு வளையம், அவ்ளோதான் பரிசு. திருவிழாவுக்குப் போறவங்களுக்கு, சண்டை போட்டுக்கினு இருந்த ஊருக்காரனுங்க கூட வழி விடணும்னு கட்டளை இருந்துச்சாம்.

அப்புறம்தான் அவரு அதைச் சொன்னாரு. அதுக்கும் முன்ன, பெரிய வீரன் எவனாச்சும் செத்தா அவனைக் கொளுத்தின எடத்துலயே ஓட்டப் பந்தயம் வெப்பாங்களாம், செத்தவனுக்கு மரியாதையா. அந்த ஒலிம்பிக் நடந்த ஒலிம்பியான்ற எடத்துலயும் ஒரு வீரனோட சமாதி கோயிலுக்குள்ளயே இருந்துச்சாம், அவனுக்கும் வருஷா வருஷம் பலி உண்டாம். ஆதியில அங்க ஓட்டம் முடியற எடத்துல கோடு கெடையாதுன்னு ஒரு பழைய ஆளு எழுதி வெச்சிருக்கானாம். பலிபீடம்தான். பூசாரி தீப்பந்தத்தோட நிப்பாரு. மொதல்ல வந்தவன் அதை வாங்கி பலியைப் பத்த வெப்பான்.

நான் திரும்பி சுபஸ்ரீயைப் பார்த்தேன். அவ பிரியாணி வரிசையை விட்டு வெளிய வந்து நின்னுக்கினு இருந்தா. கண்ணு சிமிட்டல. மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சி.

பஸ்ஸுல என் காதுகிட்ட குனிஞ்சி, இந்த ஆடிக்கு நான் ஓடறேன்னா. எங்கன்னு கேக்கல நான். ஆம்பளைங்க ஓடற ஓட்டம்டின்னேன். அந்த வாத்தியாரு பொம்பளைங்களுக்கும் ஒரு ஓட்டம் இருந்துச்சின்னு சொன்னாரே, ஹேராவோ என்னவோ ஒரு அம்மன், அந்தம்மாவுக்குன்னா. அது கல்யாணம் ஆவாத பொண்ணுங்களுக்கு, கல்யாணம் ஆனவ ஆம்பளைங்க பந்தயத்தை எட்டிப் பார்த்தாலே மலை மேலேர்ந்து உருட்டி வுட்ருவாங்கன்னும் அவரேதான் சொன்னாருன்னேன். அதுக்கு அவ, மண்ணூர்ல மலைக்கு எங்கய்யா போவாங்கன்னா. சிரிச்சேன். அவ சிரிக்கல. எனக்கு அப்பவே தெரிஞ்சி போச்சி, இது வெளையாட்டு இல்லன்னு.

கேக்கப் போனோம். கோயிலாண்ட நாலு பெருசுங்க, பூசாரி கண்ணப்பன், என் மாமனாரு நடேசன். பொம்பளைன்றது கூட அவங்களுக்குப் பெரிசா படல. கட்டிக் குடுத்த பொண்ணு இப்போ சுங்குவார்சத்திரத்து வூடு, அவ எப்படி இந்த வூட்டுப் பேரைச் சொல்லுவான்றதுதான் பிரச்சினை. வேணும்னா மாப்பிள்ளை வூட்ல செத்தவங்க பேரைச் சொல்லிக்கட்டும்னாங்க. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சி. எங்க வூட்ல யாரும் சாவலன்னு வருத்தமா உங்களுக்குன்னு கேட்டுட்டேன். மாமனாரு தலையைக் குனிஞ்சிக்கினாரு. அவருக்கு முட்டி போச்சி, நடக்கவே தடி. ஓட இன்னொரு புள்ளையும் இல்ல.

சுபஸ்ரீ கத்தல. "செத்தவன் எங்கூடப் பொறந்தவன். நான் எந்த வூடுன்னு அவன் கேக்க மாட்டான். நீங்க ஏன் கேக்கறீங்க?" அப்பிடின்னா.

கண்ணப்பன்தான் தொண்டையைக் கனைச்சாரு. அவரு கவலை வேற. ஊரு பசங்க பாதி பேருக்கு ஞாயித்துக்கிழமை ஷிப்டு, போன ஆடியில ஓடினவங்களைக் கை விரல்லயே எண்ணிடலாம். இப்பிடியே போனா ஓட்டக்காரனுக்கு ஓட ஆளே இருக்காதுன்னாரு. விரதம் இருக்கணும், மதகுல மஞ்சத்தண்ணி தொட்டு யாரையும் தள்ள மாட்டேன்னு சத்தியம் பண்ணணும், செருப்பு கூடாது, கல்லைத் தாண்டக்கூடாது. இதுல எதுலயும் ஆம்பளைன்னும் இல்ல, எந்த வூடுன்னும் இல்லயேன்னாரு. பெருசுங்க முணுமுணுத்துட்டு அடங்கிட்டாங்க.

அடுத்தது லீவு. அந்த ஞாயித்துக்கிழமை பார்த்து அவ லைனுக்கு ஓ.டி. சூப்பர்வைசரு முடியவே முடியாதுன்னுட்டான். வூட்டுக்கு வந்து பொரிஞ்சி தள்ளினா. சண்டை போட்டுக்கினு இருந்தவனே ஓட்டக்காரனுக்கு வழி வுட்டானாம், இந்தப் பேமானி ஒரு லைன்ல வழி வுட மாட்டேன்றான்னா. கடைசியில அவ கூட்டாளி அலமு தன் லீவை வுட்டுக் குடுத்து அவ எடத்துல நின்னுச்சி. அலமுவுக்கு நான் இன்னி வரைக்கும் பஸ்ஸுல மொத சீட்டு புடிச்சி வெக்கறேன்.

விரதம் இருந்த வாரம் பூரா அவ தூங்கல. என்னையும் தூங்க வுடல. படுத்தா காலு ஓடுது, போர்வை எல்லாம் கீழ கெடக்குது. ஜெயிச்சா இன்னா சொல்லணும்னு தெரியும்லன்னு ஒரு தபா கேட்டேன். அந்த எடத்துல தானா வரும்னா. அங்க மட்டும்தான் வரும் எனக்குன்னா. நான் செவுத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கினேன். அவ தோத்துட்டா இன்னா ஆவும்னு நெனைக்கவே எனக்குப் புடிக்கல.

அந்த ஞாயித்துக்கிழமை நான் கல்லாண்ட நின்னேன். கண்ணப்பன் கையில தீப்பந்தம், அடுப்புல வெறகு அடுக்கி ரெடியா இருந்துச்சி, அதுக்கு அந்தாண்ட பொம்பளைங்க கூழுப் பானைங்களோட நின்னுக்கினு இருந்தாங்க. வெயில் சுள்ளுன்னு அடிச்சிது. ஏரிக்கரை மேல புழுதி கெளம்பினது தெரிஞ்சிது. கரை எறங்கி கம்பெனி காம்பவுண்டை ஒட்டின சிமெண்டு ரோட்டுல திரும்பச்சொல்ல அவதான் முன்னாடி. துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டியிருந்தா. வெறுங்காலு. அவளுக்குப் பின்னாடி மோகன்.

மோகன் யாருன்னு சொல்லணும். பிரவீனோட உயிர்க் கூட்டாளி, சுபஸ்ரீயை அக்கா அக்கான்னு கூப்புடறவன். அவன் அம்மா சின்னப்பொண்ணு தை மாசம்தான் மஞ்சக்காமாலையில போய்ச் சேர்ந்துச்சி. அவனுக்கும் சொல்ல ஒரு பேரு இருந்துச்சி.

அவ நல்லா முன்னாடி வந்துட்டா. மோகனால எட்ட முடியல. என் மாமனாரு தடியை வுட்டுட்டு என் தோளைப் புடிச்சிக்கினாரு. கல்லுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அப்போ அவ கண்ணைப் பார்த்தேன். அது கல்லைப் பார்க்கல. கல்லுக்கு அந்தாண்ட எங்கியோ பார்த்துக்கினு இருந்துச்சி. நில்லுடி, நில்லுடின்னு கத்தினேன். ரிப்பனை அறுத்துக்கினு போற மாதிரி நெஞ்சை முன்னாடி தள்ளி, கல்லைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, கூழுப் பானைங்க நடுவுல போய் நின்னா. அவ திரும்பச்சொல்ல மோகன் சறுக்கிக்கினு வந்து கல்லுல கை வெச்சிட்டான்.

மோகன் அவளையே பார்த்தான். கண்ணப்பன் தரையைப் பார்த்துக்கினே, சொல்லுப்பான்னாரு.

"சின்னப்பொண்ணு"ன்னு சொல்லிட்டு மோகன் ஓன்னு அழுதான். அழுதுக்கினே தீயை வாங்கி அடுப்புல வெச்சான். சுபஸ்ரீ மெதுவா நடந்து வந்து, குனிஞ்சி கல்லுல கை வெச்சா. ரெண்டாவது. அதுக்கு ஒண்ணும் கெடையாது. மொதல் கரண்டி கூழை அவ நின்னு பார்த்துட்டுத்தான் வந்தா.

சாயங்காலம் மோகன் மாமனாரு வூட்டுக்கு வந்து வாசல்லயே நின்னான். அக்கா, நீதான் மொதல்ல வந்தன்னு இழுத்தான். சுபஸ்ரீ அவன் கையைப் புடிச்சி உள்ள கூட்டிக்கினு போனா. "உங்கம்மா பேரை நீ சொல்லாம யாருடா சொல்லுவா? துன்னுட்டுப் போ"ன்னு சோறு போட்டா. அவனுக்கு முன்னாடி ஒரு சொல்லு கோவமா பேசல. எல்லாத்தையும் சேர்த்து வெச்சி வூட்டுக்கு வந்து எம்மேல காட்டினா. நீ ஏன் முன்னாடியே கத்தலன்னு கேட்டா. கத்தினேன்டின்னேன். காதுல வுழல, அப்போ நீ சரியா கத்தலன்னா. கரண்டி இருந்த கப்பை எடுத்து வெளிய வீசினா. மறுநாளு நான்தான் பொறுக்கிக்கினு வந்து வெச்சேன். கோவம் வந்துச்சி எனக்கும். ஆனா அவ மேல இல்ல, அந்த பி.டி. வாத்தியாரு மேல. அவரைச் சொல்லியும் இன்னா புண்ணியம், அவரு ஓடத்தான் சொல்லிக் குடுத்தாரு.

ஒரு வாரம் கழிச்சி என் போனைப் புடுங்கி தாவீது சாருக்குப் போடச் சொன்னா. சுவாதி மேடம்கிட்ட நம்பர் வாங்கி வெச்சிருந்தா. சார், அந்தக் கிரேக்கக்காரனுங்க பலிபீடத்தாண்ட எப்படி நின்னானுங்க, தாண்டிப் போயிட்டா இன்னா ஆவும்னு கேட்டா. அந்த மனுஷன், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அதை யாரும் எழுதி வெக்கலம்மான்னாரு. யாரு ஜெயிச்சாங்கன்னு எழுதியிருக்காங்க, எப்படி நின்னாங்கன்னு நான் எங்கயும் படிக்கலன்னாரு. தேங்க்ஸ் சார்னு வெச்சிட்டு, என்னைப் பார்த்து, அப்போ நானே கத்துக்கறேன்னா.

ஆவணியிலேர்ந்து ஆரம்பிச்சா. ஷிப்டு வுட்டதும் பஸ்ஸு கெளம்ப கொஞ்சம் நேரம் ஆவும், எல்லாரும் வந்து சேரணும். அந்த நேரத்துல பஸ்ஸு நிறுத்தற யார்டுல, கடைசி மூலையிலேர்ந்து என் பஸ்ஸைப் பார்த்து ஓடி வருவா. வந்து பம்பர்ல கை வெக்கணும். அதான் பயிற்சி. மொத மாசம் பூரா தோல்வி. ஒண்ணு பஸ்ஸைத் தாண்டிப் போயிடுவா, இல்லன்னா முன்னாடியே சுணங்கி நடந்து வருவா. ரெண்டு தபா பம்பர்ல முட்டி அடிச்சிக்கினா. செக்யூரிட்டி என்கிட்ட வந்து, அண்ணே, அண்ணிக்கு உடம்பு ஏதாவது சரியில்லயான்னு கேட்டான். நிக்கக் கத்துக்கறான்னேன். அவன் என்னையும் ஒரு மாதிரி பார்த்துட்டுப் போனான். பொண்ணுங்க மொதல்ல கேலி பண்ணிச்சிங்க, அப்புறம் அதுங்களுக்கே பழகிடுச்சி.

எனக்குத்தான் பழகல. ஒவ்வொரு நாளும் ஸ்டீயரிங்கைப் புடிச்சிக்கினு ஒக்காந்து, அவ எம்மேல ஓடி வர்றதை முன் கண்ணாடி வழியா பார்க்கணும். அந்த மூஞ்சியை எத்தனை நாளு பார்க்கறது. அவ எதைப் புடிக்க ஓடறான்னு எனக்குத் தெரியும். அது கோட்டுக்கு அந்தாண்டதான் நிக்குது, எவ்ளோ ஓடினாலும் கைக்கு வராது. இதை அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஹாரன் அடிச்சிக் கெளம்பு கெளம்புன்னுவேன்.

கார்த்திகையில ஒரு நாளு, மழை வுட்டு யார்டு ஈரமா கெடந்துச்சி. வாணாம்டி, வழுக்கும்னேன். கேக்கல. செருப்பைக் கழட்டி என் படியில வெச்சிட்டுப் போனா. ஓடி வந்தா. பாதி தூரத்துலயே எனக்கு வித்தியாசம் தெரிஞ்சிது, இந்தத் தபா கண்ணு பஸ்ஸுலதான் இருந்துச்சி. கிட்ட வந்ததும் ஒரு காலை நீட்டி, முட்டியை மடக்கி, சேத்துத் தண்ணி ரெண்டு பக்கமும் தெறிக்க சறுக்கிக்கினு வந்து பம்பர்ல கை வெச்சா. தம்பி வெக்கற மாதிரியே, மண்டி போட்டு. அப்பிடியே நின்னுட்டா.

அவ தலை எனக்குக் கண்ணாடிக்குக் கீழ கொஞ்சம்தான் தெரிஞ்சிது. மூச்சு வாங்கறது கேட்டுச்சி.

"பிரவீன்," அப்பிடின்னா.

மெதுவாத்தான் சொன்னா. அங்க யாரு கேட்டாங்க, கல்லா அது, என் பஸ்ஸு. ஆனா சொல்லிட்டா. மறுபடியும் சொன்னா, கொஞ்சம் சத்தமா. எறங்கிப் போவலாமா வாணாமான்னு தெரியல. வேற ஒண்ணும் தோணாம ஹெட்லைட்டைப் போட்டேன். அந்த வெளிச்சத்துல கையை எடுக்காம அவ அழுதா, பங்குனியில அழ வேண்டியதை. கவியான்னு ஒரு சின்னப் பொண்ணு ஏறப் போனவ, படியில ஒரு காலோட நின்னுட்டா.

அப்புறம் எழுந்து, துப்பட்டாவுல மூஞ்சியைத் தொடச்சிக்கினு, செருப்பைப் போட்டுக்கினு மேல வந்தா. ஆடி வரட்டும், கல்லுலயும் கை வெக்கறேன்னா. சரின்னேன். கதவைச் சாத்தி வண்டியை எடுத்தேன். கேட்டைத் தாண்டி ரோட்டுல ஏறினதும் பழக்கத்துல, ஒக்காந்து தொலையேன்டின்னு கண்ணாடியைப் பார்த்தேன். கம்பிகிட்ட யாரும் இல்ல. எனக்குப் பின்னாடி சீட்டுல, ஜன்னல்ல தலையைச் சாய்ச்சி ஒக்காந்துக்கினு தூங்கிட்டிருந்தா.